அருவிக்கரையில் ஓர் அடுக்களை

நங்கநல்லூரில் குடியிருப்போருக்கு விமானங்களின் இரைச்சல் புதிதன்று. மீனம்பாக்கத்திலிருந்து எழும்பும் விமானங்களை நம் பிள்ளைகள் அண்ணாந்து பார்த்து, "யார் யாரோ எங்கெங்கோ போகிறார்கள்" என்று பெருமூச்சு விடுவதுண்டு. சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் நாமும் புறப்பட்டோம். பழவந்தாங்கலில் மின்வண்டியேறித் தாம்பரம் சென்று, அங்கிருந்து பொதிகை விரைவு வண்டியில் தென்காசியை அடைந்தோம். நாம் நாடிச் சென்ற இடம் குற்றாலம்.

குற்றாலம் உதகையைப் போல மலையுச்சியில் அமைந்த ஊரன்று, மலையடிவாரத்து ஊர். ஆயினும் தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் பெய்யும் நாள்களில், ஆரியங்காவுக் கணவாய் வழியே குளிர்காற்றும் தூறலும் இப்பக்கம் வந்துவிடுகின்றன. அதனையே சாரல் என்கின்றனர். சிற்றாறு பேரருவியாய்ப் பாறையில் விழுந்து தெறிக்கும் அழகைக் காணவும், அதில் நனையவும், ஜூன் முதல் ஆகஸ்டு வரை மக்கள் திரள்கின்றனர். அவர்களுக்காகச் சீசன் காலத்தில் வீடுகளை நாள் வாடகைக்கு விடுவது அவ்வூர் வழக்கம். அடுப்பும் பாத்திரங்களும் அங்கேயே இருக்கும். அரிசி பருப்பைக் கொண்டுபோனால் போதும்.

ஐந்தருவிக்குப் போகும் சாலையில் அத்தகைய வீடொன்று நமக்கு வாய்த்தது. முற்றத்தில் தென்னையும் பலாவும் நின்றன. "உணவகச் செலவு மிச்சம், வயிற்றுக்கும் கேடில்லை" என்று நாம் பெருமையுடன் கணக்கிட்டோம். அந்தக் கணக்கில் ஓர் ஆளின் உழைப்பைச் சேர்க்க மறந்திருந்தோம்.

அருவியில் குளித்தவர் அறிவர், அதன் பின் எழும் பசியை! முதல் நாள் பேரருவியிலிருந்து நாமும் மகனும் மகளும் திரும்பியபோது, சுடச்சுட இட்லியும் சட்னியும் காத்திருந்தன. மறுநாள் ஐந்தருவி; வந்ததும் சோறும் சாம்பாரும் அப்பளமும். மூன்றாம் நாள் பழைய குற்றாலம். வரும் வழியில் ரம்புட்டான் பழம் வாங்கி வந்தோம். "நீயும் வாயேன்" என்று ஒவ்வொரு காலையிலும் துணைவியாரை அழைத்தோம். "அரிசி ஊறுகிறது, நீங்கள் போய் வாருங்கள்" என்றார். அழைத்ததோடு நம் கடமை தீர்ந்ததென எண்ணினோம்.

அன்று மாலை மகள் கேட்டாள்: "அம்மா, அருவித் தண்ணீர் எப்படி இருந்தது உனக்கு?"

அவர் கொடியில் துணியை உதறிப் போட்டவாறே, "உங்கள் ஈரத்துணியைப் பிழியும்போது கையில் பட்டது. நல்ல குளிர்ச்சிதான்" என்றார்.

அச்சொற்களில் கோபமில்லை, குறையுமில்லை. அதனாலேயே அவை நம்மை ஊசியாய்த் தைத்தன. மணமாகி 26 ஆண்டுகள். அத்தனை ஆண்டுகளும் நங்கநல்லூர் அடுக்களையில் நின்றவரை, 600 கிலோமீட்டருக்கும் அப்பால் அழைத்துச் சென்று, மற்றோர் அடுக்களையில் நிறுத்தியிருந்தோம். இதற்கு விடுமுறை என்று பெயரும் சூட்டியிருந்தோம்.

ரசிகமணி டி.கே.சி. அவர்கள் குற்றாலத்தில் வாழ்ந்த காலத்தில், அவர்தம் இல்லம் இலக்கிய அன்பர்களுக்கு விருந்தளித்துப் பேர்பெற்றது. அத்தகைய விருந்துகளைப் பற்றிப் படிக்கையில் நாம் சுவையைப் புகழ்கிறோம், பேச்சைப் புகழ்கிறோம். புகைக்கு நடுவே வியர்த்து நின்ற கைகளை எண்ணுவதில்லை. நூல்களில் மட்டுமா? நம் வீட்டிலும் அப்படித்தானே!

நான்காம் நாள் விடியுமுன்னே தாயையும் மகளையும் பேரருவிக்கு அனுப்பிவைத்தோம். அடுக்களை நம்மிடமும் மகனிடமும் வந்தது. பருப்பு வேகவில்லை, சோறு குழைந்தது, விரலைச் சுட்டுக்கொண்டோம். இரண்டு மணி நேரத்தில் இடுப்பு வலித்தது. இதனை நாள்தோறும் மும்முறை செய்பவர் ஒருநாளேனும் இடுப்பு வலி என்றாரா என எண்ணிப் பார்த்தோம். சொல்லியிருப்பார், நம் செவியில் விழுந்திருக்காது.

கூந்தலில் நீர் சொட்ட, சிறுமியைப் போலச் சிரித்துக்கொண்டு அவர் வாயிலில் வந்து நின்றார். பெண்கள் பகுதியில் அருவி தலைமேல் அறைந்ததையும், முதலில் அஞ்சிப் பின் வெளிவர மனமில்லாமல் நின்றதையும் மூச்சுவிடாமல் சொன்னார். அம்முகத்தை நாம் கண்டு நெடுங்காலமாயிற்று. அமர்ந்து உண்டபின், "சாம்பாரில் உப்பில்லை. பசியில் தெரியவில்லை" என்றார். இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிக்கொண்டார்.

சமையல் வசதியுள்ள விடுதி நல்லதே; செலவு குறையும், குடும்பம் கூடியிருக்கும். ஆனால் வாடகை பேசுமுன், இன்று யார் சமைப்பது, நாளை யார் சமைப்பது என்று வீட்டார் கூடிப் பேசிக்கொள்ளுங்கள். நம் வீட்டில் அந்தப் பேச்சு ஊர் திரும்பிய பின்னரே நடந்தது. இப்போது ஞாயிற்றுக்கிழமைச் சமையல் நம்முடையதும் மகனுடையதும். உப்பு இன்னும் சில வேளை மறந்துபோகிறது. துணைவியாரோ, முன்னறையில் அமர்ந்து செய்தித்தாள் படிக்கிறார்.