அறுப்பு முடியட்டும் அத்தை

தேன்கனிக்கோட்டைப் பக்கம் காட்டோரக் கிராமம் ஒன்றில் ஒன்றரை ஏக்கர் மானாவாரி நிலமும் இரண்டு கறவை மாடுகளும் வைத்திருக்கும் அந்த அம்மா, ஏழாவது வருடமாக ஒரே போர்வையைத் தைத்துக்கொண்டிருக்கிறார். 2019 சித்திரையில் முதல் ஊசி கோத்தது. இன்றைய கணக்கு 118 வரிசை. மொத்தம் 180 வேண்டும்.

போர்வையில் இருப்பவை மாமியாரின் இரண்டு நூல் சேலைகள். ஒரு சேலை பதினெட்டு அடி. மூன்றாக மடித்தால் ஆறடி நீளத்துக்கு மூன்று அடுக்கு. இரண்டு சேலைக்கு ஆறு அடுக்கு. பல வருடம் உடுத்தித் துவைத்து நைந்த துணி என்பதால் ஊசி சுலபமாக இறங்கும். கால் அங்குலத்துக்கு ஒரு வரிசையாக ஓட்டுத் தையல். ஒரு வரிசை ஆறடி ஓடி முடிய ஒரு மணி நேரம் ஆகும். கணக்குப் போட்டால் 180 மணி நேர வேலை. இதற்கா ஏழு வருடம் என்று கேட்பவர்கள் மாடு வைத்திருக்க மாட்டார்கள்.

ஆடியில் ராகி விதைப்பு. கூடவே அவரையும் துவரையும் அக்கடிப் பயிராகப் போடவேண்டும். பிறகு களை. கார்த்திகை, மார்கழியில் கதிர் முற்றும்போது பன்னேர்கட்டாக் காட்டிலிருந்து ஜவளகிரி வழியாக யானைகள் வந்துவிடும். ராத்திரிக் காவல், அறுப்பு, போர், களத்து வேலை எல்லாம் முடிந்து நிமிரும்போது மாசி பிறந்திருக்கும். பங்குனி தொடங்கி வைகாசி வரை, மத்தியானச் சாப்பாட்டுக்கும் சாயங்காலப் பால் கறவைக்கும் நடுவில் கிடைக்கும் நேரம்தான் போர்வைக்கு. கல்யாணம், காதுகுத்து, மாட்டுக்குச் சினைப் பிடிக்காத அலைச்சல் என்று அதிலும் பாதி போய்விடும். மழை மாதங்களில் துணி பூசணம் பிடிக்கும் என்று, நொச்சி இலையோடு டிரங்குப் பெட்டிக்குள் வைத்துவிடுவார்.

முதல் வருடம் 22 வரிசை முடித்த பிறகு, ஒரு நாள் திருப்பிப் பார்த்தால் அடியில் இருந்த சேலை ஓரிடத்தில் சுருண்டு தையலுக்குள் மாட்டியிருந்தது. களத்தில் விரித்து நான்கு மூலைக்கும் கல் வைத்திருந்தாரே தவிர, அகல அகலமாக இழையோட்டிக் கொள்ளாமல் தையலை ஆரம்பித்ததுதான் தப்பு. 22 வரிசையையும் பிரித்தார். அந்த வருடக் கணக்கு பூஜ்யம். இன்னொரு தப்பு நூலில். கடையில் கெட்டியாக இருக்கிறதே என்று பாலியஸ்டர் நூல் வாங்கினார். பழைய துணியில் அது அறுத்துக்கொண்டு போனது. பிறகு பருத்தி நூல்கண்டுக்கு மாறினார்.

பழைய சேலையை அடுக்கித் தைப்பது எல்லா ஊரிலும் உள்ள வேலைதான். வட கர்நாடகத்தில் கௌதி, தெலுங்கு வீடுகளில் பொந்த, வங்காளத்தில் காந்தா. உத்தர கன்னடத்தில் வாழும் சித்தி இனப் பெண்கள் கவந்த் என்பார்கள். அவர்கள் ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வந்து சேருவார்கள். நான்கு மூலையிலும் துணியை முக்கோணமாக மடித்துப் பூ வைத்தால்தான் அவர்கள் கணக்கில் போர்வை முடிந்தது. இந்த அம்மாவின் போர்வையில் பூ எல்லாம் கிடையாது. நேர்க்கோடுதான்.

நேர்க்கோடு என்பதும் அவ்வளவு சரியில்லை. 2020 ஊரடங்கில் ஓசூர் கம்பெனி வேலையிலிருந்து வீட்டுக்கு வந்த மகள், பொழுது போகாமல் 14 வரிசை போட்டாள். ஒவ்வொரு தையலும் நெல்மணி நீளம். பிரித்துவிட்டுத் தைக்கலாமா என்று இரண்டு நாள் யோசித்து அப்படியே விட்டுவிட்டார். 2023-ல் கண்புரை ஆபரேஷன் ஆனது. கட்டுப் பிரித்துச் சில வாரம் கழித்துப் போர்வையை எடுத்துப் பார்த்தால், அதற்கு முந்தி தானே போட்ட வரிசைகள் மகளுடையதைவிடக் கோணல். அன்றைக்கு வாய்விட்டுச் சிரித்தார்.

நடுவில் ஒரு வருடம் ஊசியையே தொடவில்லை. அறுப்புக்கு நான்கு நாள் இருக்கும்போது யானைகள் இறங்கி முக்கால் ஏக்கர் ராகியை மிதித்துவிட்டன. அந்தக் கோடை முழுக்க ரோஜாத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போனார்.

"ஓசூர்ல டெய்லர்கிட்ட கொடுத்தா அரை நாள் வேலைம்மா" என்று மகள் பலமுறை சொல்லிவிட்டாள். கணவரும் சொன்னார். மெஷின் தையலில் போர்வை விறைத்துப்போகும், உடம்போடு ஒட்டாது என்பது அவர் வெளியில் சொல்லும் காரணம். அது உண்மையும்கூட.

மகளுக்குக்கூடச் சமீபத்தில்தான் இன்னொன்றைச் சொன்னார். 2018 மார்கழியில் அந்தப் பக்கம் நல்ல குளிர். மாமியாருக்கு இருந்த பழைய போர்வை ஓட்டையும் ஒட்டுமாக இருந்தது. "என் சேலை ரெண்டு பெட்டியில கெடக்குது, அதைச் சேர்த்துத் தைச்சுக் குடேன்" என்று கேட்டார். மாமியாருக்கும் மருமகளுக்கும் அவ்வளவாகப் பேச்சு வார்த்தை இல்லாத வீடு அது. கேட்டதே பெரிய விஷயம். "அறுப்பு முடியட்டும் அத்தை" என்றார் இவர். சாக்குப்போக்கு இல்லை, கதிர் கொட்டிக்கொண்டிருந்தது. கடையில் ஒரு கம்பளி வாங்கிக் கொடுத்திருக்கலாம், அதற்கும் அப்போது கையில் காசில்லை. பாதி நிலம் அறுத்திருந்தபோது கிழவி போய்விட்டார்.

"மெஷின்ல போட்டா அரை நாள்ல முடிஞ்சிடும். நான் அவங்களுக்கு அரை நாள் கூட ஒதுக்கலைன்னு ஆயிடும்ல?" என்றார். மகள் அதன் பிறகு டெய்லர் பேச்சை எடுக்கவில்லை. பேரனுக்கு இப்போது இரண்டு வயது. வரும்போதெல்லாம் பெட்டியிலிருந்து போர்வையை இழுத்து அதன்மேல் படுத்துக்கொள்கிறான். தையல் ஓடிய பக்கத்தை விட்டுவிட்டு, தைக்காத பக்கத்தில்தான் படுப்பான். அது வழவழவென்று இருக்கிறதாம்.

போன மார்கழியில் ஒரு ராத்திரி, குளிர் தாங்காமல் கணவர் அந்த அரைகுறைப் போர்வையைக் கேட்காமலே எடுத்துக்கொண்டு பரணுக்குக் காவல் போய்விட்டார். விடிந்து வந்ததும் இவர் பிடிபிடி என்று பிடித்தார். புகை வாடை ஏறியிருந்தது, ஓரத்தில் மண். அவர் சத்தம் போடாமல் மடித்துத் திண்ணையில் வைத்தார்.

"சூடாத்தான் இருந்துச்சு. ஊசியை எடுத்து வெச்சிருக்கலாம். ராத்திரி பூரா குத்துச்சு."

வரிசையின் நடுவில் நின்ற ஊசி நூலோடு அப்படியே இருந்தது. துவைத்துக் காயவைத்து, பங்குனியில் அதே இடத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தார்.