தோட்டத்துப் பிள்ளைகளும் ஒரு மரணாதாரச் சங்கமும்

கொழும்பில் "தோட்டம்" என்றால் தேயிலையோ றப்பரோ அல்ல. மலையகத்திலிருந்தோ புலம்பெயர்ந்த நாடுகளிலிருந்தோ இதனை வாசிப்பவர்களுக்காக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். துறைமுகத்தையும் பண்டகசாலைகளையும் நம்பி வந்த தொழிலாளர்களுக்காக வெள்ளைக்காரர் காலத்தில் வரிசை வரிசையாகக் கட்டப்பட்ட ஒற்றை அறைகளும், பின்னாளில் கால்வாய்க் கரைகளிலும் ரயில் பாதையோரங்களிலும் பலகையாலும் தகரத்தாலும் எழுந்த குடிசைகளும் சேர்ந்தவைதாம் கொழும்பின் தோட்டங்கள். சிங்களத்தில் "வத்த". தமிழ், சிங்களம், முஸ்லிம், மலாய் என்ற பேதமில்லாமல் ஒரே குழாயில் தண்ணீர் பிடிப்பவர்களின் உலகம் அது. 2001ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பொன்றின்படி கொழும்பு மாநகர எல்லைக்குள் இத்தகைய குடியிருப்புகள் 1,614 இருந்தன. அவற்றில் 77,612 குடும்பங்கள் வாழ்ந்தன. நகரத்தின் சரிபாதி என்று சொன்னாலும் தகும்.

ஆனால் பத்திரிகையில் தோட்டத்துக்கு இடம் கிடைக்க வேண்டுமானால் வெள்ளம் வர வேண்டும், தீப்பற்ற வேண்டும், அல்லது போதைப்பொருள் பிடிபட வேண்டும். 2017 ஏப்ரல் 14ஆம் திகதி, புத்தாண்டு தினத்தன்று, மீதொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்து 32 உயிர்கள் பலியானபோது எல்லாப் பத்திரிகைகளும் முதற்பக்கத்தை ஒதுக்கின. சில வாரங்களில் அந்தப் பக்கம் வேறு செய்திகளுக்குப் போய்விட்டது. நானும் அந்தத் தொழிலில் இருந்தவன் என்பதால் இதனை வியப்போடு சொல்லவில்லை.

கொழும்பு வடக்கில் ஒரு தோட்டத்துக்கு நான் முதன்முதலில் போனதும் ஒரு வெள்ளச் செய்திக்காகத்தான். தொண்ணூறுகளின் பிற்பகுதி. இடுப்பளவு நீர் வடிந்துகொண்டிருந்தது. நிவாரணப் பட்டியலைத் தயாரித்துக்கொண்டிருந்தவர் அரச அதிகாரி அல்லர். அந்தத் தோட்டத்து மரணாதாரச் சங்கத்தின் பொருளாளரான ஒரு பெண்மணி. மாநகர சபையில் துப்புரவுத் தொழிலாளியாக இருந்தவரின் மகள். எல்லோருக்கும் அவர் "அக்கா". சிங்களவர்களும் அப்படியே அழைத்தார்கள். இன்றும் எனக்கு அவர் அக்காதான், வயதில் என்னைவிட இளையவர் என்றபோதிலும்.

மரணாதாரச் சங்கம் என்பது இலங்கையில் ஏழைகள் வாழும் இடமெல்லாம் இருக்கும் ஓர் ஏற்பாடு. மாதச் சந்தா கட்ட வேண்டும். வீட்டில் மரணம் நிகழ்ந்தால் ஒரு தொகைப் பணமும், கதிரைகளும், கூடாரமும், தேநீர்ப் பாத்திரங்களும் வந்து சேரும். அரசியல் கட்சியோ வெளிநாட்டு உதவியோ இல்லாமல் நிலைத்து நிற்கும் அமைப்பு இந்த நாட்டில் இதைப்போல வேறொன்று இருக்கிறதா என்பது எனக்குச் சந்தேகமே.

இந்தச் சங்கம் பிள்ளைகளின் விடயத்தில் இறங்கியது ஒரு சோடிச் சப்பாத்தினால். இலங்கையில் கல்வி இலவசம். 1980 முதல் பாடநூல்கள் இலவசம், 1993 முதல் சீருடைத் துணியும் இலவசம். சப்பாத்து இலவசமில்லை. வெறுங்காலோடு போன ஒரு பையனை வகுப்பாசிரியை திருப்பி அனுப்ப, அவன் மறுநாளிலிருந்து சந்தையில் பை தூக்கப் போய்விட்டான். கதிரை வாடகையில் சேர்ந்த பணத்திலிருந்து அவனுக்குச் சப்பாத்து வாங்கலாம் என்று அக்கா பொதுக்கூட்டத்தில் பிரேரித்தார். பெரிய வாக்குவாதம். செத்தவர்களுக்காகச் சேர்த்த பணத்தில் கைவைப்பதா என்று முதியவர் ஒருவர் எழுந்து நின்றாராம்.

"செத்தா அஞ்சாயிரம் குடுக்கிறோம். உசிரோட இருக்கிற புள்ளைக்கு ஒரு சோடி சப்பாத்து குடுத்தா சங்கம் உடைஞ்சா போயிரும்னு கேட்டேன் ஐயா" என்றார் அக்கா. பிரேரணை ஐந்து வாக்குகளால் நிறைவேறியது.

அதன்பின் சங்க அறையில் பிற்பகல் வகுப்பு ஆரம்பமாகியது. உயர்தரம் படித்த இரண்டு யுவதிகள் கற்பித்தார்கள், ஒருத்தி தமிழில், மற்றவள் சிங்களத்தில். வகுப்புக்கு முன்னர் ஒரு குவளை இலைக்கஞ்சியும் கருப்பட்டித் துண்டும். கஞ்சிக்காகத்தான் பாதிப்பேர் வந்தார்கள் என்று அக்கா சிரித்துக்கொண்டே சொல்வார்.

என்னை அசர வைத்தது கஞ்சியோ வகுப்போ அல்ல, கடதாசி வேலை. 1998 முதல் 5 வயதிலிருந்து 14 வயதுவரை பாடசாலைக் கல்வி கட்டாயம் (2016இல் அது 16 வயதாக உயர்த்தப்பட்டது). சட்டம் கட்டாயம் என்றது. பாடசாலை பிறப்புச் சான்றிதழ் எங்கே என்றது. மூன்று மாதங்களுக்குள் பதியாத பிறப்பைப் பின்னர் பதிவதானால் வைத்தியசாலைக் குறிப்பு, சத்தியக் கடதாசி, கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தல் என்று அலைய வேண்டும். தாய் நாட்கூலி. ஒரு நாள் அலைந்தால் ஒரு நாள் அடுப்பு எரியாது. அன்றைய சான்றிதழில் பெற்றோர் விவாகமானவர்களா என்றொரு கூடு வேறு. எழுத்துப்பதிவு இல்லாமல் பத்து வருடம் ஒன்றாக வாழ்ந்தவர்கள் அந்தக் கூட்டுக்கு அஞ்சியே பிள்ளையைப் பதியாமல் விட்ட கதைகள் அங்கு ஏராளம். எதுவுமே அகப்படாத பிள்ளைக்குக் கடைசி வழி உத்தேச வயதுச் சான்றிதழ்.

சங்கம் ஒரு கறுப்புக் கொப்பி வைத்திருந்தது. பிள்ளையின் பெயர், தாயின் பெயர், எந்த ஆஸ்பத்திரி, எந்தக் கடதாசி குறைகிறது, யார் எந்தத் திகதியில் கூடப் போவது என்று அதில் எழுதப்பட்டிருக்கும். தாய்க்கு அன்றைய கூலியில் பாதியைச் சங்கம் கொடுத்துவிடும். இவ்வளவு துல்லியமான ஒரு சமூக சேவைப் பதிவேட்டை, கண்ணாடி யன்னல்கள் கொண்ட எந்த அரசுசாரா நிறுவனத்திலும் நான் கண்டதில்லை. தகைமையுள்ள பொருளாதார நிபுணர்கள் கோபிக்க வேண்டாம்.

பிறப்புச் சான்றிதழ் கிடைத்தாலும் முதலாம் ஆண்டு அனுமதிக்கு வதிவிடத்தை நிரூபிக்க வேண்டும். உறுதிப்பத்திரம், வாக்காளர் இடாப்பு, மின்சாரப் பட்டியல். காணியே தமதில்லாதவர்கள் உறுதிக்கு எங்கே போவார்கள்? பாடசாலை மதிலுக்கு இப்பால் பிறந்து வளர்ந்த பிள்ளை, தூரக் கணக்கில் தோற்று, பஸ் ஏறி வேறு பாடசாலைக்குப் போகும். இதனாலேயே அந்தத் தோட்டத்தின் பெயரை எழுத வேண்டாம் என்று அவர்கள் என்னிடம் கேட்டுக்கொண்டார்கள். விண்ணப்பத்தில் அந்த முகவரியைக் கண்டதும் முகம் சுளிக்கும் அதிபர்களும் முதலாளிமாரும் இருக்கிறார்கள். ஆகவே இங்கும் பெயரில்லை.

அவர்களுடைய மற்றொரு நிபந்தனை படம் எடுக்கக் கூடாது என்பது. டிசம்பரில் புத்தகப் பைகளோடு வரும் தனவந்தர்கள் பலர் இதைக் கேட்டதும் பைகளையும் திருப்பிக் கொண்டுபோயிருக்கிறார்கள். என்னோடு வந்த படப்பிடிப்பாளரையும் அக்கா வாசலிலேயே நிறுத்திவிட்டார். "நாளைக்கு இந்தப் புள்ளை வேலைக்குப் போற இடத்தில, நீ பை வாங்கின புள்ளைதானேன்னு யாரும் கேக்கக் கூடாது" என்றார். படமில்லாத கட்டுரை உள்பக்கத்தில் சிறிதாக வெளியானது. அவர் சொன்னதே சரி என்றுதான் அன்றும் நினைத்தேன்.

பின்னர் வந்தது நகர அபிவிருத்தி. 2010இற்குப் பின் தோட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அகற்றப்பட்டு, மக்கள் நானூறு சதுர அடியளவான மாடி வீடுகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். மழைக்கு ஒழுகாத கூரை, வீட்டுக்குள் மலசலகூடம்: இவற்றை எள்ளி நகையாட வசதியாக வாழும் எனக்கு உரிமையில்லை. ஆனால் தோட்டத்து மக்கள் வெவ்வேறு கட்டடங்களுக்குப் பிரிந்துபோனார்கள். சங்க அறை புல்டோசரின் கீழ் போயிற்று. மின்தூக்கி பழுதானால் பத்தாம் மாடித் தாய் பிள்ளையைக் கீழே அனுப்ப மாட்டாள். திண்ணையில் இருந்து எல்லாப் பிள்ளைகளையும் கவனித்த கிழவிகள் இப்போது கதவுகளுக்குப் பின்னால்.

2022இல் இதன் விலை தெரிந்தது. எரிவாயு இல்லை. குடிசையாக இருந்தால் மூன்று கல் வைத்து விறகு மூட்டலாம். மாடி வீட்டில் எங்கே மூட்டுவது? அந்த செப்டெம்பரில் கொழும்பின் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். சிதறிப்போன உறுப்பினர்களைத் தொலைபேசியில் தேடிப்பிடித்து, வாகனத் தரிப்பிடத்தின் ஓரத்தில் மரண வீட்டுத் தேநீர்ப் பாத்திரத்தில் சோறும் பருப்பும் சமைத்தார் அக்கா. முதலில் பிள்ளைகளுக்கு, மிஞ்சினால் முதியோருக்கு.

2023இல் சமுர்த்திக்குப் பதிலாக அஸ்வெசும வந்தபோது, பெயர் விடுபட்டவர்களுக்கு மேன்முறையீட்டுப் படிவம் நிரப்பும் வேலையும் கறுப்புக் கொப்பியில் ஏறியது. இப்போது அது நான்காவது கொப்பி. முன்பு சிங்களத்தில் கற்பித்த யுவதியின் மகள் எழுதுகிறாள்.

வகுப்பு ஆறாம் மாடி நடைவழியில் நடக்கிறது. கீழே பொது மண்டபம் ஒன்று உண்டு. அதற்கு வாடகை கேட்கிறார்கள். மாதம் இரண்டு மரணம் வந்தால் கதிரைக் காசில் கட்டிவிடலாம் என்று அக்கா கணக்குப் பார்த்தார். பிறகு, "அப்படி நினைக்கிறதும் பாவம் ஐயா" என்று சொல்லிக் கொப்பியை மூடிவைத்தார்.