கோட்டை ஆலயத்தின் பெயரேடு

புனித ஜார்ஜ் கோட்டைக்குள் காலையில் நுழைகிற எல்லோருக்கும் தலைமைச் செயலகத்தில் ஏதோ ஒரு வேலை இருக்கிறது. கையில் மனு, கக்கத்தில் கோப்பு. வாசலில் பையைத் திறந்து காட்டிவிட்டு அவர்களோடு நடந்து, சட்டமன்றத்துக்குச் சற்றுத் தள்ளியிருக்கும் புனித மரியாள் ஆலயத்துக்குப் போனேன். நான் பார்க்க விரும்பியது அந்தச் சபை தன் மக்களைப் பற்றி எழுதிவைத்த பெயர்களை.

ஆலயம் பிரதிஷ்டை செய்யப்பட்டது 1680 அக்டோபர் 28-ல். கிழக்கிந்தியக் கம்பெனி இதைக் கட்டிக் கொடுக்கவில்லை. ஆளுநர் ஸ்ட்ரெய்ன்ஷாம் மாஸ்டர் முன்னின்று, கோட்டையில் இருந்த ஆங்கிலேயர்களிடம் சந்தா திரட்டினார். 805 வராகன் சேர்ந்தது. உள்ளே நின்று அண்ணாந்தால் கூரை வளைந்து சுரங்கம்போல் போகிறது. குண்டு விழுந்தாலும் உடையாதபடி கனமாக எழுப்பிய செங்கல் வளைவு அது. கதவு, சன்னல் தவிர மரமே சேர்க்கவில்லை. போர்க் காலத்தில் நம்பி ஒதுங்க ஓர் இடம் வேண்டும் என்ற கணக்கு கட்டடத்திலேயே தெரிகிறது.

மேற்குப் பக்கம் கருங்கல்லில் குடைந்த ஞானஸ்நானத் தொட்டி. கல் பல்லாவரத்தில் எடுத்தது. வங்காளத்திலிருந்து வெளியேறிச் சென்னையில் தங்கியிருந்த கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் மகள்கள் மேரி, எலிசபெத், கேதரின் மூவருக்கும் 1689 ஆகஸ்டில் இந்த ஆலயத்தில்தான் ஞானஸ்நானம் நடந்தது. அடுத்த ஆண்டு அவர் திரும்பிப் போய்க் கல்கத்தாவில் கால் ஊன்றினார். அவர் கல்லறைக்கும் இந்தப் பக்கத்துக் கல்லே போயிற்று. பின்னாளில் நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் இந்த வகைப் பாறைக்கு அவர் பெயரை ஒட்டி ‘சார்னோகைட்’ என்று பெயர் வைத்தார். ஆக, தகப்பன் பெயர் பாறைக்கே நிலைத்துவிட்டது. மூன்று பெண்களின் பெயர் பதிவேட்டில் இருக்கிறது. அவர்களைப் பெற்ற இந்தியப் பெண்ணின் பெயரை மட்டும் வரலாற்றால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

தொட்டியின் விளிம்பில் கை வைத்தபடி அந்தத் தாயைத்தான் நினைத்தேன். அவளைப் போன்றவர்கள் அன்று பலர். 1687-ல் லண்டனிலிருந்து கம்பெனி இயக்குநர்கள் எழுதிய கடிதம் ஒன்று, கோட்டைச் சிப்பாய்கள் உள்ளூர்ப் பெண்களை மணப்பதை ஊக்குவிக்கச் சொல்கிறது. அப்படிப் பிறக்கும் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் நாளில் தாய்க்கு ஒரு வராகன் தரலாம் என்பது யோசனை. பக்தி, காவல்படைக்கு ஆள் சேர்ப்பு, கத்தோலிக்கரோடு போட்டி எல்லாம் அந்த ஒரு வராகனில் கலந்திருக்கின்றன. அந்தக் குழந்தைகள் தகப்பனின் ஆங்கிலப் பெயரோடு வளர்ந்தார்கள். சென்னையின் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களின் வேர் இப்படிப்பட்ட வரிகளில்தான் இருக்கிறது. 1715-ல் இந்தச் சபை பிள்ளைகளுக்காக ஒரு தருமப் பள்ளியும் தொடங்கியது. புனித ஜார்ஜ் பள்ளி இன்றும் அந்த ஆண்டையே தன் தொடக்கமாகச் சொல்கிறது.

பழைய பதிவேட்டுப் பக்கங்களின் நகல்களில் நிதானமாக விரலை ஓட்டினேன். ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் என்று மூன்று வகை. ஒரு சபை ஒரு மனிதனை மூன்று முறை எழுதுகிறது. இரண்டு முறை அவன் கையில் எதுவும் இல்லை. ஆலயத்தின் முதல் திருமணம் 1680 நவம்பர் 4-ல் நடந்தது. மணமகன் எலிஹு யேல், மணமகள் அதே ஆண்டு கணவனை இழந்த கேதரின் ஹின்மர்ஸ். யேல் அப்போது கம்பெனி ஊழியர், ஆளுநரானது 1687-ல். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் தாங்கி நிற்பது அவர் பெயரைத்தான்.

1753 பிப்ரவரி 18-ல் ராபர்ட் கிளைவுக்கும் மார்கரெட் மாஸ்கலினுக்கும் திருமணம். இந்தப் பதிவைப் பார்க்க வருகிறவர்கள் கிளைவின் பெயரோடு நின்றுவிடுகிறார்கள். நான் நின்றது திருமணத்தை நடத்திவைத்தவரின் பெயரில். டேனிஷ் மிஷனைச் சேர்ந்த ஜொஹான் பிலிப் ஃபாப்ரிசியஸ். தமிழில் வேதாகமத்தை மொழிபெயர்த்தவர். 1779-ல் வேப்பேரியில் தமிழ் ஆங்கில அகராதியை அச்சிட்டவர். பிளாசிப் போருக்கு நான்கு ஆண்டு முன்பு, வேப்பேரித் தமிழ்ச் சபையின் ஜெர்மானிய ஆயர் ஒருவர் கோட்டைக்குள் வந்து கிளைவுக்குத் திருமணம் செய்துவைத்திருக்கிறார். வேப்பேரிக்கும் கோட்டைக்கும் இடையே ஆட்கள் எப்படிப் போய்வந்தார்கள் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான சாட்சி எனக்குத் தெரியவில்லை.

வெளியே வந்தால் ஆலயத்தைச் சுற்றிக் கல்லறைக் கற்கள் தரையில் பாவியிருக்கின்றன. எலிசபெத் பேக்கருடைய கல்லில் ஆண்டு 1652. ஆலயத்துக்கே 28 வயது மூத்தது. காரணம், இவை இங்கே நட்டவை அல்ல. இடுகாடு கோட்டைக்கு வெளியே இருந்தது. 1758-59 முற்றுகையில் லாலியின் பிரெஞ்சுப் படை அங்கிருந்த சமாதிகளின் மறைவில் நின்று சுட்டது. முற்றுகை கலைந்ததும் சமாதிகளை இடித்து, கற்களை மட்டும் இங்கே கொண்டுவந்து பதித்துவிட்டார்கள். 1782-ல் ஹைதர் அலியோடு போர் நடந்தபோது பீரங்கிகளை ஏற்றிவைக்கக் கற்களை மறுபடி பெயர்த்தார்கள். ஆகவே இங்கே ஒரு கல்லின் முன் குனிந்து படிக்கிறவர், அதற்குரிய மனிதரின் மேல் நிற்கவில்லை. உடல் ஓரிடம், பெயர் ஓரிடம்.

பழைய இடுகாடு இருந்த இடத்தை, உயர் நீதிமன்றத்தை ஒட்டிய பழைய சட்டக் கல்லூரி வளாகத்தில் தேடலாம். கேதரினின் முதல் கணவர் ஜோசப் ஹின்மர்ஸும், யேல் தம்பதியின் சிறு வயது மகன் டேவிட்டும் அங்கே மிஞ்சியிருக்கிறார்கள். டேவிட் இறந்தது ஜனவரியில். நம் கணக்கில் 1688. அன்றைய ஆங்கிலேயருக்குப் புத்தாண்டு மார்ச் 25-ல் பிறந்ததால் அவர்கள் கணக்கில் 1687. 1752-க்கு முந்தைய பதிவேட்டைப் படிக்கிறவர்கள் இதை மறந்தால் பிள்ளையை ஒரு வருடம் முன்னதாகவே அடக்கம் செய்துவிடுவார்கள்.

கல்லைப் பெயர்க்கலாம், எழுத்து தேயும். பதிவேடு எப்படித் தப்பியது? படியெடுத்ததால். சென்னை ஆலயங்களின் ஞானஸ்நான, திருமண, அடக்க விவரங்களை எழுத்தர்கள் கையால் படியெடுக்க, அவை கப்பலேறி லண்டனுக்குப் போயின. 1698 முதல் 1948 வரையிலான அந்தப் படிகள் இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. 1905-ல் ஜே.ஜே. காட்டன் மாகாணம் முழுவதும் உள்ள கல்லறை வாசகங்களைத் தொகுத்து அச்சிட்டார். இப்படி இரண்டாவது படி இருந்ததால்தான் மெல்போர்னில் இருக்கும் ஒரு பேத்தியால் தன் பூட்டனை இன்று தேடிப் பிடிக்க முடிகிறது.

நம் தமிழ்ச் சபைகளின் ஏடுகளுக்கு அந்த இரண்டாவது படி எத்தனை இடங்களில் இருக்கிறது? மூன்று ஞாயிறு ஓலை வாசித்து நடந்த திருமணங்கள், கிராமத்திலிருந்து வந்து நகரத்தில் ஞானஸ்நானம் பெற்ற குடும்பங்கள், அவர்களின் ஊர், தொழில், தெரு எல்லாம் அந்த ஏடுகளில் இருக்கின்றன. பிறப்பு, இறப்புப் பதிவைக் கட்டாயமாக்கி நாடு முழுவதற்குமான சட்டம் வந்தது 1969-ல்தான். அதற்கு முன் பிறந்த பலருக்கு ஞானஸ்நானப் பதிவுதான் வயதுக்குச் சான்று. 1872-ம் ஆண்டு கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தின்படி ஆலயத் திருமணப் பதிவேடு இன்றும் சட்ட ஆவணம். ஆலயத்தின் நூற்றாண்டு விழாவுக்குக் கோபுரத்துக்கு வெள்ளையடிக்கிறோம். உடைஅறை பீரோவில் கரையான் ஏறும் ஏட்டைத் திறந்து பார்ப்பதில்லை.

பெரிய செலவில்லாத வேலை இது. சபையில் கைபேசி இல்லாத இளைஞர் யார்? ஆயரின் அனுமதியோடு, வெளிச்சமான ஓரிடத்தில் வைத்து, கட்டு பிரியாமல் பக்கம் பக்கமாகப் படம் எடுக்கலாம். ஒரு பிரதி ஆலயத்தில், இன்னொன்று பேராயத்தில், மூன்றாவது ஓர் ஆவணக் காப்பகத்தில். இப்போது வாழ்கிறவர்களின் விவரம் வெளியே போகாமல் காப்பதும் அதே பொறுப்பில் அடங்கும். எழுதும்போதே இன்னொன்றையும் திருத்திக்கொள்ளலாம்: தகப்பன் பெயருக்குப் பக்கத்தில் தாயின் பெயர் முழுதாக, அவள் ஊரோடு இருக்கட்டும். 1689-ல் ஞானஸ்நானத் தொட்டியருகே மூன்று பெண்கள் நின்றார்கள். அவர்களுடைய அம்மா யார் என்று நமக்கு இன்றுவரை நிச்சயமாகத் தெரியவில்லை. நம் காலத்துப் பிள்ளைகளைப் பற்றி நாளைக்கு எவரும் அப்படிக் கேட்க நேரக்கூடாது.