டயருக்குப் பல் பிடித்துப் பார்த்த கதை

ஓசூரில் விடியற்காலை ஐந்தரை மணிக்கு ஒரு சத்தம் கேட்கும். சுப்ரபாதம் இல்லை ஸார், பைக்குகள்! முதல் ஷிப்ட்காரர்கள் மூக்கண்டப்பள்ளிப் பக்கமும் சிப்காட் பக்கமும் பறப்பார்கள். நைட் ஷிப்ட் முடித்தவர்கள் பாதித் தூக்கத்தில் எதிரே வருவார்கள். நடுவில் பொம்மசந்திரா, எலக்ட்ரானிக் சிட்டி என்று கர்நாடகா போய்ச் சம்பாதிக்கிற கோஷ்டி அத்திப்பள்ளியைப் பார்த்து ஓடிக்கொண்டிருக்கும். ஆளுக்கு ஒரு ஹெல்மெட், ரெண்டு டயர்.

இந்த ஊரே சக்கரத்தில் பிழைக்கிற ஊர்தான். இரண்டு பேர் உட்கார்ந்து போகக்கூடிய முதல் இந்திய மொபெட்டான டி.வி.எஸ். 50, 1980-ல் இங்கேதான் பிறந்தது. அசோக் லேலண்டின் ஓசூர் தொழிற்சாலையும் அதே வருஷத்து வரவு. 1984-ல் சுசுகியோடு கைகோத்து 100 சிசி பைக் வந்தது. இப்போது ஏத்தர் ஓசூரிலும், ஓலா போச்சம்பள்ளியிலும் பேட்டரி ஸ்கூட்டர் செய்கிறார்கள். பெட்ரோலை விட்டுவிட்டார்கள், டயரை விட முடியவில்லை பாருங்கள்!

ஆனால் பைக் செய்கிற ஊரில் இருக்கிறோமே என்று டயருக்கு யோசனை கேட்டுவிடாதீர்கள். எங்கள் ஆபீஸ் ஸ்டோர்ஸில் இருக்கும் மாப்பிள்ளை கேட்டார். (கல்யாணமான நாளிலிருந்து அவருக்கு அதுதான் பெயர்.) பத்து வயசான 125 சிசி வண்டி. போக்ஸ் கம்பி வீல், டிரம் பிரேக். பின் டயரில் பட்டன் தேய்ந்து, ரிடையர்மெண்டுக்குக் காத்திருக்கும் ஹெட் கிளார்க்கின் தலை மாதிரி ஆகிவிட்டது.

"அகலமான டயரா போடு மாப்ள, ரோட்டை அப்படியே கவ்வும்" என்றார் அக்கவுண்ட்ஸ். "பெங்களூர்ல வாங்குப்பா, சீப்" என்றார் டெஸ்பாட்ச். "இன்னும் ஆறு மாசம் ஓட்டலாம்" என்றது மேனேஜர். அவர் வந்துபோவது காரில்.

பெங்களூர் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். ஜூஜூவாடியில் வணிகவரி செக்போஸ்ட் இருந்த காலத்தில் இந்தப் பக்கம் ஒரு வரி, அந்தப் பக்கம் ஒரு வரி. எல்லை தாண்டிப் போய் வாங்குவதில் ஒரு த்ரில் இருந்தது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபிறகு ரெண்டு பக்கமும் ஒரே வரிதான். டயருக்கு 28 சதவீதமாக இருந்ததை 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆக்கிவிட்டார்கள். அத்திப்பள்ளி தாண்டிப் போனால் மிச்சமாவது சில்க் போர்டு டிராஃபிக்கில் கரைகிற பெட்ரோல்கூட இல்லை.

ஆக, வெள்ளிக்கிழமை சாயங்காலம் பாகலூர் ரோடு பக்கம் ஒரு கடைக்குப் போனோம்.

கிருஷ்ணகிரிப் பக்கம் குந்தாரப்பள்ளிச் சந்தையில் மாடு வாங்குகிறவர்கள் முதலில் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள். வயசைக் கொம்பில் மறைக்கலாம், பல்லில் மறைக்க முடியாது. டயருக்கும் பல் உண்டு. அது பக்கவாட்டில், ஒரு சின்ன நீள்வட்டத்துக்குள் நாலு எண்ணாக இருக்கிறது. கடைக்காரர் "ஸ்பெஷல் டிஸ்கவுண்ட் சார்" என்று உருட்டிக்கொண்டு வந்த டயரில் 0819 என்று இருந்தது. 2019-ம் வருஷம் எட்டாவது வாரம் பிறந்தது என்று அர்த்தம். நம் வீட்டில் பிறந்திருந்தால் எல்.கே.ஜி., யு.கே.ஜி. எல்லாம் முடித்து ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும்! ஓடாமல் மாடியில் கிடந்தாலும் ரப்பருக்கு வயசாகும். இறுகும், மழைத் தண்ணீரில் பிடி குறையும், ஓரத்தில் மயிரிழை மாதிரி வெடிப்பு விடும். மேலே பாலிஷ் போட்டால் புதுமாப்பிள்ளை மாதிரி மினுமினுக்கும், அவ்வளவுதான்.

"அது வேணாங்க, இந்த வருஷத்து டயர் காட்டுங்க" என்றார் மாப்பிள்ளை.

அடுத்து வந்த டயர் பார்க்க ஜோர். கோடு கோடாக அழகான டிசைன். 80/100-18. நம் வண்டிக்கு அதே சைஸ்தான். அதாவது 80 மில்லிமீட்டர் அகலம், அந்த அகலத்தில் 100 சதவீதம் உயரம், 18 இஞ்ச் ரிம். மாப்பிள்ளை பர்ஸை எடுத்துவிட்டார். நான் சைஸுக்குப் பக்கத்தில் இருந்த குட்டி எழுத்தைப் படித்தேன். 47P. வண்டியில் தேய்ந்து கிடந்த பழைய டயரிலோ 54P.

இந்தக் குட்டி எழுத்தைத்தான் யாருமே படிப்பதில்லை. P என்பது வேகம், மணிக்கு 150 கிலோமீட்டர் வரை தாங்கும். நம் வண்டிக்கு அதெல்லாம் இறக்கத்தில் தள்ளிவிட்டாலும் வராது. எண்தான் முக்கியம். அது சுமைக்கான குறி. 47 என்றால் 175 கிலோ, 54 என்றால் 212 கிலோ. ஒரே சைஸில் முன்னாடிக்கு 47, பின்னாடிக்கு 54 என்று போட்டு வருகிற பைக்குகள் உண்டு. மாப்பிள்ளையினுடையது அந்த ஜாதி.

கணக்குப் போட்டுப் பார்ப்போமா? வண்டி 120 கிலோ. மாப்பிள்ளை 75. அவர் மனைவி 60 (என்று சொல்லிக்கொள்கிறார்). மாதம் ஒரு தடவை 25 கிலோ அரிசி மூட்டை. மொத்தம் 280. இதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பின் சக்கரத்தின் தலையில். 187 கிலோ வந்துவிட்டது! 47-ஐ மாட்டினால் முதல் தேதியன்று டயருக்கு ஓவர்டைம். பாவம், அதற்குச் சம்பளமும் கிடையாது.

"சைஸ் ஒண்ணுதானே சார், எல்லாரும் போடறாங்க" என்றார் கடைக்காரர்.

"எல்லாரும் அரிசி வாங்கறதில்லையே" என்றேன். சிரித்துக்கொண்டே உள்ளே போய் 54P எடுத்து வந்தார். நல்ல மனிதர். கேட்டால் தருகிறார். கேட்க வேண்டும், அதுதான் சங்கதி.

அக்கவுண்ட்ஸ் சொன்ன அகல டயரையும் ஒரு பையன் பக்கத்தில் மாட்டிக்கொண்டிருந்தான். அப்பாவின் பேண்ட்டைப் பிள்ளை போட்டுக்கொண்ட மாதிரி இருந்தது. ரிம்மின் அகலம் மாறாதே! குறுகலான ரிம்மில் அகல டயரைப் போட்டால் ரெண்டு பக்கமும் இழுத்துப் பிடித்து நடுவில் மேடு தட்டிவிடும். ரோட்டைத் தொடுகிற ரப்பர் கூடுவதற்குப் பதில் குறையலாம். மைலேஜ் போகும். செயின் கவரில் உரசினாலும் உரசும். காதலிக்குப் பிடித்திருந்தால் சரி.

மாப்பிள்ளை புது டியூபும் வாங்கினார். பழைய டியூப் உப்பி உப்பிப் பெரிதாகியிருக்கும். புது டயருக்குள் மடிந்து, மடிப்பு உரசி ஒரு நாள் நடுரோட்டில் 'புஸ்' என்று விடும். டயர் வாங்கும் வரைக்கும்தான் நான் கூட இருந்தேன். சனிக்கிழமை ஷிப்ட்டுக்கு முன்னால் கிடைத்த அரைமணி நேரத்தில் வேறெங்கோ ஒரு பஞ்சர் கடையில் அவரே மாட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கிருஷ்ணகிரியில் அவருடைய மச்சினர் பையனுக்குக் காதுகுத்து. மனைவி முன்னாடியே பஸ்ஸில் போய்விட்டார். "வாங்க ஸார், பிரியாணி இருக்கு" என்று என்னையும் ஏற்றிக்கொண்டார்.

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். ஓசூர் கடல் மட்டத்துக்கு மேலே சுமார் 900 மீட்டர், கிருஷ்ணகிரி 500-ஐ ஒட்டி. ஸ்வெட்டரோடு கிளம்பி கைக்குட்டையோடு இறங்குகிற ரோடு. பேரண்டப்பள்ளியில் ரெண்டு பக்கமும் காடு. குளிர்காலத்தில் கர்நாடகக் காட்டிலிருந்து யானைக் கூட்டம் இந்தப் பக்கம் வரும். செக்போஸ்ட் இருந்த காலத்திலும் அவை மட்டும் எந்தப் பேப்பரும் காட்டியதில்லை.

இது பழைய என்.எச். 7, இப்போது 44. காஷ்மீரில் ஆரம்பித்துக் கன்னியாகுமரியில் முடிகிற ரோடு. இந்தியாவில் ஓடுகிற அத்தனை லாரியும் ஒரு ஆணியையாவது இங்கே காணிக்கை போட்டுவிட்டுத்தான் போகிறது என்று எனக்கு ஒரு சந்தேகம். சிப்காட் பக்கத்தில் லேத்திலிருந்து சீவி விழுந்த இரும்புச் சுருள் வேறு. அலாய் வீலும் டியூப்லெஸ்ஸுமாக இருந்தால் ஆணி ஏறினாலும் காற்று மெல்லத்தான் இறங்கும், கடை வரைக்கும் ஓட்டிவிடலாம். சாதாரண போக்ஸ் கம்பி வீலில் டியூப்தான். ஆணி குத்தினால் சட்டென்று காற்று போகும். எழுபதில் போகும்போது பின்பக்கம் டான்ஸ் ஆடும். பின்னாடி பஸ் வந்தால்... வேண்டாம், நல்ல நாளும் அதுவுமாக.

மாப்பிள்ளை ஐம்பதுக்கு மேல் போகவில்லை. புது டயரின் மேல்தோல் அச்சிலிருந்து வந்த வழவழப்போடு இருக்கும். முதல் நூறு, நூற்றைம்பது கிலோமீட்டர் நிதானமாகப் போய் அது சொரசொரப்பு ஆகிற வரைக்கும் வளைவில் சாய்க்கவும் கூடாது, பிரேக்கை மிதிக்கவும் கூடாது. அது அவருக்குத் தெரிந்திருந்தது.

சூளகிரி தாண்டியதும் தூறல். மேலுமலை இறக்கம் விபத்துக்குப் பேர்போனது. பின்னாடி உட்கார்ந்திருந்த எனக்குத் தொட்டிலில் ஆடுவது மாதிரி இருந்தது. அதோடு, அவர் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் கீழே 'டக்' என்று ஒரு சத்தம்.

"புது டயர்ல அப்படித்தான் இருக்கும் ஸார்."

"டயர் 'டக்'குனு சொல்லாது மாப்ள. நிறுத்துங்க."

உருட்டாத குறையாக ஓட்டிக்கொண்டு குருபரப்பள்ளியில் ஒரு பஞ்சர் கடையில் நிறுத்தினோம். வெள்ளைத் தாடி பாய் ஒருவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். வண்டியை ஸ்டாண்டில் போட்டு, பின் சக்கரத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டு, டீயை முழுசாக முடித்தார். அப்புறம்தான் பேசினார்.

"யாரு தம்பி மாட்டினது?"

"ஓசூர்ல பாய். அவசரத்துல..."

டயர் ரிம்மோடு சேருகிற இடத்துக்கு மேலே சுற்றிலும் ஒரு மெல்லிய கோடு ஓடுகிறது. எங்கேயும் ரிம்மிலிருந்து ஒரே தூரத்தில் அது தெரிய வேண்டும். எங்கள் டயரில் ஒரு இடத்தில் கோடு உள்ளே முங்கியிருந்தது. தொட்டில் ஆட்டத்துக்குக் காரணம் அதுதான்.

பாய் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. விரலை நீட்டி வேறு ஒன்றைக் காட்டினார். டிரம் பிரேக்கின் மூடித் தட்டைச் சட்டத்தோடு பிடித்து வைத்திருக்கிற ஒரு சாணுக்குக் குறைவான கம்பி. அதன் நட்டு பாதி கழன்று நின்றது. நட்டு கழன்று விழாமல் குறுக்கே போடுகிற காட்டர் பின் இல்லவே இல்லை.

"பிரேக் புடிச்சா டிரம் அந்தத் தட்டையும் தன்னோட சேர்த்து சுத்தப் பார்க்கும் தம்பி. இந்தக் கம்பிதான் சுத்த விடாம புடிச்சுக்குது. இது கழண்டுச்சுன்னா தட்டு சுத்தும், பிரேக் ராடு முறுக்கிக்கும், சக்கரம் அப்படியே நின்னுடும். வண்டி நிக்கும். நீங்க நிக்க மாட்டீங்க."

மாப்பிள்ளை பேசாமல் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். திரும்பி வரும்போது இந்த வண்டியில் பின்னாடி உட்காரப் போவது நான் இல்லை.

பாய் வீலையே கழற்றினார். காற்றை விட்டு, சோப்புத் தண்ணீர் தடவி, டயர் பக்கத்தில் இருந்த மஞ்சள் புள்ளியைத் தேடி வால்வுக்கு நேராகத் திருப்பினார். டயரில் எடை குறைந்த இடம் அதுதானாம். வால்வின் எடை அங்கே சேர்ந்தால் சமன் ஆகும். சுற்றுகிற திசையைக் காட்டும் அம்புக்குறி சரியாக இருக்கிறதா என்று பார்த்தார். காற்று ஏற ஏற 'டப்' என்று ஒரு சத்தம், முங்கியிருந்த கோடு வெளியே வந்தது. செயினை இழுத்து, ரெண்டு பக்கமும் இருக்கிற கோட்டு அடையாளங்களை எண்ணிச் சரிசமமாக வைத்தார். கடைசியாக நட்டை முடுக்கிப் புது காட்டர் பின் போட்டு, காலை விரித்து மடக்கினார். காற்றின் அளவுக்கு வண்டியிலேயே ஸ்டிக்கர் இருக்கிறது, ஆள் ஏற்றினால் எவ்வளவு என்று தனியாகப் போட்டிருக்கிறது என்று காட்டினார். மாப்பிள்ளை பத்து வருஷமாக அதை டிசைன் என்று நினைத்திருந்தாராம்.

டயரின் கதையே ஒரு மாட்டு டாக்டரிடமிருந்துதான் வருகிறது. 1888-ல் பெல்ஃபாஸ்டில் டன்லப் என்ற கால்நடை மருத்துவர், மகனின் மூன்று சக்கர சைக்கிள் அதிராமல் ஓடக் காற்றடைத்த டயரை மாட்டிக்கொடுத்தார். நம் எம்.ஆர்.எஃப். 1946-ல் திருவொற்றியூரில் தொடங்கியபோது செய்தது பொம்மை பலூன்! எல்லாம் காற்றைப் பிடித்து வைக்கிற வித்தைதான். இதையெல்லாம் பாயிடம் சொன்னேன். "அப்படியா? நல்லது தம்பி" என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குப் போனார்.

காட்டர் பின் விலை ஐந்து ரூபாய், வேலைக்குத் தனி. மாப்பிள்ளை கொடுத்த ரூபாயில் மீதி வாங்கவில்லை.

கிருஷ்ணகிரி போய்ச் சேர்ந்தபோது காது குத்தி, பையன் அழுது ஓய்ந்து, லட்டு தின்றுகொண்டிருந்தான். பிரியாணி மட்டும் பாக்கி. சாயங்காலம் மாப்பிள்ளை மனைவியையும் ஒரு கூடை மாம்பழத்தையும் ஏற்றிக்கொண்டு, குனிந்து அந்தக் கம்பியை ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டுக் கிளம்பினார்.

நான் ஓசூர் பஸ் பிடிக்க ஸ்டாண்டுக்குப் போனேன். ஏறுவதற்கு முன்னால் பின் டயரைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன சார், சில்லறை விழுந்துடுச்சா?" என்றார் கண்டக்டர்.