எட்டாம் வகுப்புக்கு முன்

மே 26, 2025, திங்கள்

பருவமழை இன்றே வந்துவிட்டது. மும்பைக்கு வழக்கமாக ஜூன் 11 என்பார்கள். சயான் ஸ்டேஷன் பக்கம் முழங்கால் வரை புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தாராவியிலிருந்து நான்கைந்து தாய்மார்கள் நடந்தே வந்து சேர்ந்தார்கள். எல்லார் கையிலும் பிளாஸ்டிக் பையில் சுற்றிய காகிதக் கட்டு. நனையாமல் கொண்டுவந்துவிட்டார்கள்.

மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளிகள் நடத்துகிறது. தமிழும் அதில் ஒன்று. ஆனால் இவர்களுடைய பிள்ளைகள் படித்த தமிழ்ப் பள்ளி ஏழாம் வகுப்போடு முடிகிறது. எட்டு முதல் இங்கிலீஷோ இந்தியோ மராத்தியோ, ஏதாவது ஒன்றில் போய்ச் சேர வேண்டும். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் பள்ளி, ஆசிரியர், தோழர், பாடமொழி எல்லாம் ஒரே நாளில் மாறுகின்றன. ஏழோடு நின்று வேலைக்குப் போன பிள்ளைகளை இந்தப் பகுதியில் நிறையப் பார்த்தாயிற்று. பாதிப் பேர் படிப்பு வராமல் நின்றவர்கள் இல்லை. அந்த ஜூன் மாதத்தைக் கடக்கத் துணையில்லாமல் நின்றவர்கள்.

மே 31, சனி

இன்று முழுக்க விண்ணப்பப் படிவம்.

மகாராஷ்டிரத்துப் படிவத்தில் பெயருக்கு மூன்று கட்டம். முதலில் ஆட்நாவ் (குடும்பப் பெயர்), அடுத்து பிள்ளை பெயர், அதற்கடுத்து அப்பா பெயர். திருநெல்வேலிக்காரருக்கு அந்த முதல் கட்டத்தில் எழுத என்ன இருக்கிறது? ஒரு பையனுடைய காகிதங்களை மேசையில் வரிசையாகப் பரப்பினேன். ஆதாரில் பெயருக்கு முன்னால் ஒற்றை இனிஷியல். பிறப்புச் சான்றிதழில் பெயருக்குப் பின்னால் அப்பா பெயர். ரேஷன் கார்டில் யாரோ ஒரு குமாஸ்தா ஒட்டிவிட்ட சாதிப்பெயர். ஒரே பையன், காகிதத்தில் மூன்று பேர்.

"டீச்சர், எதையாவது ஒண்ண எழுதிப் போடுங்க. பெறவு பாத்துக்கிடலாம்" என்றார் அவன் அம்மா.

பிறகு பார்க்க முடியாது அக்கா என்று உட்காரவைத்துச் சொன்னேன். பள்ளிப் பதிவேட்டில் ஏறும் பெயர்தான் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் வரும். கல்லூரி, வேலை, பாஸ்போர்ட் என்று கடைசிவரை தொடரும். படிக்கிற காலத்தில் தலைமையாசிரியர் வழியாகத் திருத்திக்கொள்ளலாம். பள்ளியை விட்டு வெளியே வந்தபின் திருத்துவது பெரும்பாடு. சாதிப்பெயரை ஆட்நாவாக எழுதத்தான் வேண்டும் என்றும் இல்லை. அப்பா பெயரையோ தாத்தா பெயரையோ போடலாம். எதைப் போட்டாலும் எல்லாக் காகிதத்திலும் அதே எழுத்துக்கூட்டல் இருக்க வேண்டும். அந்த அம்மா கணவருக்குப் போன் போட்டார். தாத்தா பெயர் என்று முடிவாயிற்று. ஆதாரைத் திருத்திவிட்டுத்தான் படிவம் என்றேன்.

பழைய பள்ளியில் வாங்குகிற மாற்றுச் சான்றிதழான லீவிங் சர்டிபிகேட்டையும் அங்கேயே நின்று வரி வரியாகப் படித்துப் பார்த்து வாங்கச் சொன்னேன். பிறந்த தேதி, பிறந்த ஊர், சாதி எல்லாம் அதில் இருக்கும். சாதிச் சான்றிதழுக்கு அலையும்போது அதன் அருமை தெரியும். பட்டியல் சாதியினருக்கு 10.8.1950, பிற்படுத்தப்பட்டோருக்கு 13.10.1967. அந்தத் தேதிக்கு முன்பே குடும்பம் இந்த மாநிலத்தில் இருந்ததற்கு ஆதாரம் கேட்பார்கள். தாராவிக்கு முதலில் வந்த தாத்தாவின் பழைய பள்ளிச் சான்றோ வாடகை ரசீதோ டிரங்குப் பெட்டியில் கிடந்தால் இப்போதே எடுத்துவையுங்கள் என்று எல்லாரிடமும் சொல்லியனுப்பினேன்.

ஜூன் 4, புதன்

கோபத்தோடு எழுதுகிறேன். இட்லி வியாபாரம் செய்யும் ஒரு அண்ணாச்சி மகளைக் கூட்டிக்கொண்டு ஒரு பள்ளிக்குப் போயிருக்கிறார். அரசு உதவி பெறும் பள்ளிதான். சேர்க்கைக்கு முன் இங்கிலீஷில் ஒரு பரீட்சை வைத்திருக்கிறார்கள். பிள்ளை எழுதத் திணறியிருக்கிறாள். "இந்த லெவலுக்கு இங்கே முடியாது" என்று அனுப்பிவிட்டார்கள். அண்ணாச்சி எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. "நமக்குப் படிப்பு இல்லல்லா, என்னத்தப் பேச?" என்கிறார்.

சட்டம் அவர் பக்கம் இருக்கிறது. 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள கல்வி உரிமைச் சட்டம் எட்டாம் வகுப்பு வரை செல்லும். அதன் 13ஆம் பிரிவு சேர்க்கைக்காகப் பிள்ளையையோ பெற்றோரையோ சோதித்துப் பார்க்கக் கூடாது என்கிறது. மீறினால் முதல் முறை 25,000 ரூபாய் வரை அபராதம், அதன்பின் ஒவ்வொரு முறையும் 50,000 வரை. 5ஆம் பிரிவு இந்தப் பிள்ளைகளுக்கென்றே எழுதியது போல இருக்கும். தான் படிக்கும் பள்ளியில் எட்டு வரை வகுப்பு இல்லையென்றால், அரசுப் பள்ளிக்கோ உதவி பெறும் பள்ளிக்கோ மாற்றிக்கொள்வது பிள்ளையின் உரிமை. மாற்றுச் சான்றிதழ் தாமதமானால் அதைக் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது. வயதுச் சான்று இல்லையென்றும் திருப்பி அனுப்பக் கூடாது, அது 14ஆம் பிரிவு.

இதை ஒரு தாளில் மராத்தியில் எழுதி, பிரிவு எண்களைச் சிவப்பு மையில் கோடிட்டு, அண்ணாச்சி கையில் கொடுத்தேன். நாளை நானும் கூடப் போகிறேன். சண்டை போட வேண்டியதில்லை. தாளைக் காட்டி மரியாதையாகக் கேட்டால் போதும்.

ஜூன் 5, வியாழன்

சேர்த்துக்கொண்டார்கள்.

ஜூன் 8, ஞாயிறு

பெற்றோர் கூட்டம். போன வருடம் இதே வழியாக எட்டாம் வகுப்புக்குப் போன பிள்ளைகளைப் பேசச் சொன்னேன். நான் பேசுவதைவிட அவர்கள் பேசினால் உள்ளே இறங்குகிறது.

ஒரு பெண் சொன்னாள்: "கணக்குல விடை எனக்குத் தெரியும். கேள்விதான் புரியாது. மொத மாசம் முழுக்க அழுதேன்." பிறகு தன் நோட்டை எடுத்துக் காட்டினாள். பக்கத்தை மூன்றாக மடித்து, பின்னம், ஃபிராக்‌ஷன், அபூர்ணாங்க் என்று வரிசையாக எழுதி வைத்திருக்கிறாள். நாற்கரம், சுற்றளவு, தசமம் எல்லாம் இருக்கின்றன. தினமும் பத்துச் சொல். புதுப் பிள்ளைகள் அந்த நோட்டைச் சுற்றி உட்கார்ந்து அங்கேயே நகலெடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். நடந்ததிலேயே இதுதான் உருப்படியான பாடம் என்பேன்.

அப்பாக்கள் டியூஷன் கட்டணத்தைக் கேட்டார்கள். அம்மாக்கள் ஷிஃப்ட் நேரத்தைக் கேட்டார்கள். காலை ஷிஃப்டா மதிய ஷிஃப்டா என்பதைப் பொறுத்துத்தான் வீட்டில் தண்ணீர் பிடிப்பது யார் என்பது முடிவாகும். பெரும்பாலும் அது பெண் பிள்ளை தலையில் விழுகிறது. இதை வெளிப்படையாகப் பேசினேன். பையனும் குடம் தூக்கட்டும். அவள் முதல் பீரியடைத் தவறவிட்டால் அந்த வருடமே கையைவிட்டுப் போகும். பெண்களிடம் தனியாக இன்னொன்றும் சொன்னேன்: இந்த வயதில் மாதவிடாய் தொடங்கும், பையில் எப்போதும் ஒரு நாப்கின் இருக்கட்டும், பள்ளிக் கழிப்பறை எங்கே என்று முதல் நாளே பார்த்துக்கொள்ளட்டும்.

கட்டணம் கட்டித் தனியார் பள்ளியில் போட்டால்தான் கௌரவம் என்று நினைக்கும் குடும்பங்களுக்கு ஒரு கணக்கு. எட்டாம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய்வழி–திறன் உதவித்தொகைத் தேர்வில் தேறினால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை வருடத்துக்கு 12,000 ரூபாய். குடும்ப வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். அரசு, மாநகராட்சி, உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டுமே அது. உதவி பெறாத பள்ளியில் சேர்த்தால் கட்டணமும் போகும், இந்த வாய்ப்பும் போகும். என் கருத்தில் நம் பகுதிக் குடும்பங்கள் முதலில் தேட வேண்டியது எய்டட் பள்ளியைத்தான்.

ஜூன் 14, சனி

பிள்ளைகளோடு பள்ளிக்கு நடந்து பார்த்தோம். சயான் ரயில்வே மேம்பாலத்தில் 2024 ஆகஸ்ட் 1 முதல் வண்டி போவதில்லை, இடித்துக் கட்டும் வேலை. அதனால் கிழக்குப் பக்கம் போகும் பிள்ளைகளுக்கு வழி புதிது. எந்தப் படிக்கட்டு, எங்கே சாலையைக் கடப்பது, மழைத் தண்ணீர் தேங்கினால் எந்தக் கடையோரம் நிற்பது என்று பிள்ளைகளே சொல்லிச் சொல்லி மனத்தில் ஏற்றிக்கொண்டார்கள். பஸ்ஸும் இப்போது கட்டுப்படியாகாது. மே 9 முதல் பெஸ்ட் பஸ்ஸின் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாயிலிருந்து 10 ஆகிவிட்டது. மாணவர் பாஸுக்கு உடனே எழுதிக் கொடுக்க வேண்டும்.

இங்கிலாந்தில் பதினோரு வயதில் உயர்நிலைப் பள்ளிக்கு மாறும் பிள்ளைகளை, கோடை விடுமுறைக்கு முன்பே ஒரு நாள் புதுப் பள்ளிக்கு வரவழைத்து, வகுப்பறையில் உட்காரவைத்து, ஆசிரியரோடு பழகவிடுகிறார்கள். பெரும் செலவு இல்லாத ஏற்பாடு. நம் பள்ளிகளில் வாட்ச்மேன் கேட்டைத் திறக்க மாட்டார் என்பதால் நாங்கள் கம்பி வழியாக மைதானத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். ஒரு சனிக்கிழமை காலை இரண்டு மணி நேரம் அந்தக் கேட் திறந்தால் எத்தனையோ பிள்ளைகளின் பயம் தெளியும். தலைமையாசிரியர்களிடம் கைகூப்பிக் கேட்கிறேன்.

ஜூன் 16, திங்கள்

வழக்கமாகத் திறக்கும் நாளான நேற்று ஞாயிறு என்பதால் இன்று பள்ளி திறந்தது. காலையில் அண்ணாச்சி மகளோடு கேட் வரை போனேன். அண்ணாச்சி தூக்குவாளியை ஓரமாக வைத்துவிட்டு, வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு, தானே ஆபீஸ் ஜன்னலுக்குப் போய் டைம்டேபிள் கேட்டு வாங்கிவந்தார். பன்னிரண்டு நாளுக்கு முன் பேச வாய் வராத மனிதர்.

1932இல் மாட்டுங்காவில் தென்னிந்தியக் கல்விச் சங்கத்தைத் தொடங்கியவர்கள், பிழைக்க வந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்காகத்தான் தொடங்கினார்கள். இன்று எஸ்.ஐ.இ.எஸ். என்றால் நகரமே அறியும். பள்ளி கட்ட நம்மால் முடியாமல் போகலாம். படிவம் எழுதித் தர முடியும். சயானிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் பத்தாம் வகுப்பு தாண்டிய தமிழர் எத்தனையோ ஆயிரம் பேர் இருக்கிறோம். அடுத்த மே மாதக் கடைசியில், உங்கள் தெருவில் ஏழாம் வகுப்பு முடித்த பிள்ளை இருக்கும் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். காகிதக் கட்டைப் பிரித்துப் பாருங்கள், பெற்றவரோடு பள்ளி ஆபீஸ் வரை ஒரு முறை கூடப் போய்வாருங்கள்.