கால்ல ஊதாக் கலர் திட்டு

கம்பம் பக்கம் கால்ல நரம்பு சுருட்டிக்கிட்டா யாரும் அதை ஒரு சீக்காவே மதிக்கிறதில்லை. டீ மாஸ்டர், பரோட்டா மாஸ்டர்னு நாள் முழுக்க நின்னு பொழைக்கிறவங்க காலைப் பாருங்க, தெரியும். எங்க பெரியப்பாவும் அந்த ரகம்தான். திராட்சைத் தோட்டத்துல முப்பது வருஷமா கூலி வேலை. 2023ல கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைச்சப்ப ஊரே கொண்டாடுச்சு. பந்தலுக்கு அடியில அண்ணாந்து நின்னே கவாத்து பண்ற கால்களைப் பத்தி யாரும் பேசலை.

போன வருஷம் அவருக்குக் கணுக்கால்லயும் கட்டைவிரல் மேலயும் கத்தரிக்கா தோல் கலர்ல திட்டுத்திட்டா வந்துச்சு. பார்த்தவங்க வாய் சும்மா இருக்குமா? ஒருத்தர் சுகர்னார், ஒருத்தர் குஷ்டம்னார். 'புத்துநோயா இருக்கப் போகுது'ன்னு இன்னொருத்தர் சொல்லவும் பெரியம்மா சரியா சாப்பிடறதையே விட்டுட்டாங்க.

டாப்ளர் ஸ்கேன் எடுத்து, துளியூண்டு தோலை வெட்டி டெஸ்ட்டுக்கு அனுப்பினாங்க. வந்த பேரு 'ஆக்ரோ ஆஞ்சியோ டெர்மடைட்டிஸ்'. அபூர்வமான தோல் நோயாம் :)

விஷயம் இதுதான். நாம நரம்புன்னு சொல்றது உண்மையில சிரை, அதாவது ரத்தக்குழாய். மேல ஏறுற ரத்தம் கீழ இறங்காம இருக்க அதுக்குள்ள குட்டிக்குட்டி வால்வுகள் உண்டு. வால்வு கெட்டா ரத்தம் கால்லயே தேங்கும். அந்த அழுத்தத்துல தோல்ல புதுசா மெல்லிசான ரத்தக்குழாய்கள் முளைக்கும், ரத்தமும் கசியும். அந்த ஊதா அதனாலதான். 1965ல மாலிங்கிற டச்சு டாக்டரும் கூட்டாளிகளும் இதை எழுதி வச்சாங்க. 1872ல கபோசி விவரிச்ச புற்றுநோய் மாதிரியே தெரியறதால 'போலி கபோசி'ன்னும் பேரு. போலின்னு கேட்டு ஒரு குடும்பமே சந்தோஷப்பட்டதை அன்னிக்குத்தான் பார்த்தேன்.

வைத்தியம்? இறுக்கமான காலுறை போடணும், உட்கார்ந்தா படுத்தா காலை உசத்தி வைக்கணும், ரொம்ப நேரம் நிக்கக்கூடாது. தேவைப்பட்டா கெட்டுப்போன சிரையை லேசர்ல அடைப்பாங்க.

"நிக்காம எப்படிய்யா கூலி வரும்?"னார் பெரியப்பா. யார்கிட்டயும் பதில் இல்லை. இப்ப வேலைக்கு நடுவுல வரப்புல படுத்து காலைப் பந்தல் கல்லுல தூக்கி வைக்கிறார். தோட்டக்காரர் முறைக்கிறார். திட்டு கொஞ்சம் வெளிறியிருக்கு.

உங்க வீட்லயும் நின்னு பொழைக்கிறவங்க இருந்தா அவங்க கணுக்காலை ஒருதடவை பாருங்க. கறுத்து வீங்கியிருந்தா களிம்பு தடவிக் காலத்தை ஓட்டாதீங்க. காலுறையையும் நீங்களா வாங்கி மாட்டாதீங்க, காலுக்கு ரத்தம் இறங்குற தமனி நல்லா இருக்கான்னு பார்த்துட்டுத்தான் போடணும். நம்ம மாவட்டத்துக்காரங்களுக்கு க.விலக்குல அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கு. ஒருநாள் கூலி போனாலும் பரவாயில்லை, கூட்டிட்டுப் போங்க.