அணைக்க மட்டும்

நம் ஊர் வீடுகளில் பிளக் பாயிண்ட் என்றால் பக்கத்திலேயே ஒரு சுவிட்சும் இருக்கும். அமெரிக்காவில் மகன், மகள் வீட்டுக்குப் போய்வந்த மதுரைக்காரர்கள் சொல்லும் குறைகளில் ஒன்று, அங்கே பிளக்கைச் செருகியதும் கரண்ட் வந்துவிடுகிறது, அணைப்பதற்குச் சுவரில் ஒன்றுமில்லை என்பது. டைமர் வைத்த பிளக்கும் ரிமோட்டில் அணையும் பிளக்கும் அந்த மாதிரிச் சுவர்களுக்குத்தான் பொருத்தம், நமக்கு எதற்கு என்று தோன்றும். சுவிட்ச் இருக்கிறது, வீட்டில் ஆளும் இருக்கிறது, எழுந்துபோய் அணைத்தால் முடிந்தது.

எழுந்துபோவதில்லை என்பதுதான் விஷயம். டி.வி.யை ரிமோட்டில் அணைத்துவிட்டுப் படுத்துவிடுகிறோம். செட்டாப் பாக்ஸ் விடியவிடிய விழித்திருக்கிறது. அது 10 வாட் இழுப்பதாக வைத்துக்கொண்டால், இரண்டு மாதப் பில்லுக்குள் 14 யூனிட். முதல் 100 யூனிட் 2016-இலிருந்து இலவசம் என்பதால் சின்னக் குடும்பத்துக்கு இது உறைக்காது. சித்திரை, வைகாசியில் ஏ.சி. ஓடும் வீட்டில் கணக்கே வேறு. அங்கே ரீடிங் எடுக்க வருகிறவரிடம் கேட்கும் ஒரே கேள்வி, "ஐநூறைத் தாண்டிருச்சா?" தாண்டினால் மேலே போகப் போக யூனிட் விலை ஏறுகிறது. அந்த எல்லைக்கோட்டில் நிற்கும் வீட்டுக்கு 14 யூனிட் பெரிதுதான். அதே சமயம், கைபேசியில் இயங்கும் ஸ்மார்ட் பிளக்கும் வைஃபையைப் பிடித்துக்கொண்டு சும்மா இருப்பதற்கே ஏறத்தாழ ஒரு வாட் தின்னும். ஒரு செட்டாப் பாக்ஸுக்கு ஒன்று வாங்கலாம். அறைக்கு நாலு வாங்கி மாட்டிவிட்டு மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்பவரைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

கீசர் அப்படியில்லை. 2000 வாட் கீசர் அரை மணி நேரம் சுட்டால் ஒரு யூனிட். மதுரையில் அது உருப்படியாகத் தேவைப்படுவதே மார்கழியும் தையும்தான். கோடையில் மத்தியானம் குழாயைத் திறந்தால் மொட்டைமாடித் தொட்டியே வெந்நீர் ஊற்றும். ஆனாலும் கீசரை மறக்கிறவர்கள் வருஷம் பூராவும் மறக்கிறார்கள். உள்ளே தெர்மோஸ்டாட் இருக்கிறது, சூடேறியதும் தானாக நிற்கும் என்பது சரி. ஆறினால் மறுபடி சுடும், மறுபடி ஆறும், இது நாள் முழுக்க நடக்கும். தெர்மோஸ்டாட் கெட்டுப்போனால் அப்புறம் கட்-அவுட்டையும் சேஃப்டி வால்வையும் நம்பித்தான் குளிக்க வேண்டும். 20 நிமிஷத்தில் தானாக அணையும் ஒரு டைமர் இங்கே காசையும் காப்பாற்றும், ஆளையும் காப்பாற்றும்.

ஆனால் அந்த டைமர் 16 ஆம்ப் தாங்குவதாக இருக்க வேண்டும். கடையில் மலிவாகத் தொங்கும் 6 ஆம்ப் டைமரில், பெரிய பிளக்கை மாற்றித்தரும் கறுப்பு அடாப்டரைப் போட்டு கீசரை மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். சில வாரம் கழித்து அந்த அடாப்டரைப் பிடுங்கிப் பார்த்தால், ஓட்டையைச் சுற்றிப் பழுப்பாக ஒரு வளையம் விழுந்திருக்கும், பின் மங்கிப்போயிருக்கும். அதற்கு முன்பே மூக்கு சொல்லிவிடும். சூடேறிய பிளாஸ்டிக்குக்கு மீன்கவிச்சை மாதிரி ஒரு வாடை உண்டு. வீட்டில் கருவாடு வறுக்காத நாளில் கருவாட்டு வாடை வந்தால், அடுப்படியை விட்டுவிட்டு பிளக் பாயிண்டுகளை முகர்ந்து பாருங்கள்.

எல்லாவற்றையும் அணைத்து வைக்கவும் முடியாது. 2024 செப்டம்பர் 12 விடிகாலை, பெரியார் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் கட்ராபாளையத்தில் ஒரு மகளிர் விடுதியில் ஃபிரிட்ஜிலிருந்து கிளம்பிய தீயில் இரண்டு பெண்கள் இறந்துபோனார்கள். ஃபிரிட்ஜ் 24 மணி நேரமும் ஓட வேண்டிய பண்டம், அதற்கு டைமர் கிடையாது. அதற்கு வேண்டியவை நல்ல வயரிங், வேலைசெய்யும் எர்த், 30 மில்லிஆம்ப் மின்கசிவிலேயே விழும் ஆர்.சி.சி.பி., முதுகுப்பக்கம் காற்றோட்டம், ஆள் தப்பித்து ஓட ஒரு வழி. மாசி வீதிகளைச் சுற்றியிருக்கும் பழைய வீடுகளில் மரச்சட்ட வயரிங் இன்னும் மிச்சமிருக்கிறது. யாரோ எப்போதோ பேஸையும் நியூட்ரலையும் மாற்றிக் கொடுத்திருப்பார்கள். ரிமோட் பிளக்குகளில் பெரும்பாலானவை ஒரு கம்பியைத்தான் துண்டிக்கும். மாறிக்கிடக்கும் பாயிண்டில் துண்டிக்கப்படுவது நியூட்ரலாக இருக்கும். கைபேசி 'ஆஃப்' என்று காட்டும், சாமானுக்குள் பேஸ் நின்றுகொண்டிருக்கும். சுவிட்சைப் போட்டு டெஸ்டரை வைத்தால் வலது ஓட்டையில் எரிய வேண்டும், இடது ஓட்டையில் எரியக் கூடாது. இந்தச் சோதனையைச் செய்யாமல் 2000 ரூபாய் ஸ்மார்ட் பிளக்கை மாட்டி என்ன பயன்?

மின்வெட்டுக் காலத்தில் வாழ்ந்தவர்களுக்கு இன்னொன்று தெரியும். 2012-இல் மதுரையில் ஒரு நாளைக்குப் பாதி நேரத்துக்கு மேல்கூடக் கரண்ட் இருக்காது. தேய்த்துக்கொண்டிருக்கும்போது போகும். சட்டையை மடித்து வைத்துவிட்டு ஆள் வெளியே போய்விடும், அயர்ன் பாக்ஸின் சுவிட்ச் போட்டபடியே இருக்கும். கிரைண்டர் நின்றதும் உள்ளே கைவிட்டு மாவைத் தள்ளிவிடுவார்கள், சுவிட்ச் அப்படியே இருக்கும். ஆபத்து கரண்ட் போகும்போது வருவதில்லை, திரும்பி வரும்போது வருகிறது. இப்போது அந்த அளவு வெட்டு இல்லை. மாதாந்திரப் பராமரிப்புக்கு நிறுத்துவதோடு சரி. அதற்கே வட்டத்தகடு சுற்றும் பழைய டைமர் குழம்பிவிடும். 96 பற்கள், பல்லுக்குக் கால் மணி நேரம் என்று சுற்றுகிற தகடு கரண்ட் இல்லாதபோது அதுவும் நின்றுவிடும். காலை ஐந்துக்குச் சுட வைத்த தண்ணீர் பத்து மணிக்குச் சுடும். ஸ்மார்ட் பிளக்கில், கரண்ட் திரும்பினால் அணைந்தே இருக்க வேண்டுமா, எரிய வேண்டுமா என்று கேட்கும் அமைப்பு பலவற்றில் உண்டு. வாங்கியதும் முதலில் தேட வேண்டியது அதைத்தான். வண்ண விளக்கும் வாய்ஸ் கமாண்டும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

தூரத்திலிருந்தே போட்டு அணைக்கும் சாதனத்தை நகரத்தைவிட நன்றாகப் புரிந்துவைத்திருப்பவர்கள் வாடிப்பட்டி, அலங்காநல்லூர், உசிலம்பட்டிப் பக்கத்துத் தோட்டக்காரர்கள். மும்முனை மின்சாரம் பகலில் 6 மணி நேரம், ராத்திரி 3 மணி நேரம் என்று வந்துகொண்டிருந்த நாட்களில், ராத்திரி முறைக்கு டார்ச்சைப் பிடித்துக்கொண்டு வரப்பில் நடந்துபோய் மோட்டார் போட வேண்டும். பாம்பு, முள், ஈரக் கையோடு ஸ்டார்ட்டர். பிறகு மொபைல் ஸ்டார்ட்டர் வந்தது. மோட்டார் பெட்டிக்குள் ஒரு சிம் கார்டு இருக்கும். வீட்டிலிருந்து போன் செய்தால் மோட்டார் ஓடும், நிற்கும், கிணற்றில் தண்ணீர் வற்றினால் தானே நின்று தகவலும் சொல்லும். வேளாண்மைப் பொறியியல் துறை இதற்கு மானியமும் கொடுக்கிறது. சிம்முக்கு ரீசார்ஜ் செய்ய மறந்தால் மட்டும் மறுபடி டார்ச்சும் வரப்பும்தான்.

விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம். அதனால் இங்கே மிச்சமாவது பில் பணமில்லை, தண்ணீரும் ராத்திரி நடையும் உயிரும். ஆனால் இதே பெட்டியில் 'ஆட்டோ' என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது. அதைத் தட்டிவிட்டால், கரண்ட் வந்த நொடியில் மோட்டார் தானாக ஓடும். ஒருவர் போட்டால் வசதி. ஒரு டிரான்ஸ்பார்மருக்குக் கீழே இருக்கும் அத்தனை பேரும் போட்டால், எல்லா மோட்டாரும் ஒரே நொடியில் கிளம்பி வோல்டேஜ் படுத்துவிடும். தெலங்கானாவில் 2018 ஜனவரி 1 முதல் விவசாயத்துக்கு 24 மணி நேர மின்சாரம் கொடுத்தபோது, அரசே விவசாயிகளிடம் ஆட்டோ ஸ்டார்ட்டரைக் கழற்றச் சொல்லிக் கேட்க வேண்டியிருந்தது. இல்லாவிட்டால் நிலத்தடி நீர் ராப்பகலாக மேலே வந்துகொண்டேயிருக்கும்.

இதனால்தான் தானியங்கிக்கும் ரிமோட்டுக்கும் அணைக்கிற வேலையை மட்டும் கொடுக்க வேண்டும் என்று நான் சொல்கிறேன். மொட்டைமாடித் தொட்டிக்கு மோட்டாரைக் கையால் போட்டுவிட்டு, 25 நிமிஷத்தில் அணையும்படி டைமர் வைக்கலாம். "அக்கா, தண்ணி ரொம்பி ஊத்துது!" என்று பக்கத்து மாடியிலிருந்து குரல் வராது. ஆனால் வாளியில் போடும் ஹீட்டர் ராடை விடிகாலையில் தானாக எரியும்படி வைப்பது வேறு காரியம். வாளியில் தண்ணீர் இருக்கிறதா, பிள்ளை கைவிட்டுச் சூடு பார்க்கிறதா என்பதெல்லாம் டைமருக்குத் தெரியாது. ஆபீஸில் உட்கார்ந்துகொண்டு அயர்ன் பாக்ஸை அணைக்கலாம், போடக் கூடாது. கண்ணுக்கு முன்னால் இல்லாத ஒன்றுக்குக் கரண்ட் கொடுக்கும்போது, அதன் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது.

அலங்காநல்லூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் கிணற்றுக்குள் ஃபுட்வால்வு மாற்ற இறங்கப்போனவரிடம், போனிலேயே மோட்டாரை நிறுத்திவிட்டீர்களே, அப்புறம் என்ன என்று கேட்டேன். அவர் பெட்டியைத் திறந்து மூன்று பீஸ் கட்டைகளையும் பிடுங்கி மடியில் செருகிக்கொண்டார். "எம் மகன் மதுரையில இருக்கான் சார், அவன் செல்லுலயும் இந்த மோட்டார் இருக்கு. தண்ணி பாயணுமேன்னு அவனா நெனச்சுப் போட்டுட்டா?" என்றார். பிறகு கயிற்றை இழுத்துப் பார்த்துவிட்டு, "அவனுக்கும் சொல்லியாச்சு. சொன்னாலும் கட்டை நம்மகிட்ட இருக்கணும்ல" என்று சொல்லிக்கொண்டே இறங்கினார்.